பருவம் வரும்வரை

இருபது ஆண்டுகளாக நாம் உயிரியல் கற்பித்து வருகின்றோம். வெண்குருதிக் கலம் என்பு மச்சையில் முதிரும் படிகளைக் கரும்பலகையில் வரைந்து, "பரீட்சைக்கு வரும், மனனஞ் செய்யுங்கள்" என்று கூறியதன்றி, அதனைப் பற்றி ஆழ்ந்து நினைத்ததில்லை. எம்மிடம் கற்ற மாணவன் ஒருவன் சென்ற ஆண்டு நோயுற்றபோதுதான் அப்பாடத்தை நாம் உண்மையிற் கற்றோம்.

புற்றுநோய்க்காக அவனுக்குக் கடுமையான மருந்து ஏற்றியிருந்தார்கள். பத்தாம் நாள் தோடம்பழங்களுடன் அவனைக் காணச் சென்றோம். எமது தும்மலைக் கேட்ட தாதி வாயிலிலேயே தடுத்துவிட்டார். ஒரு கன மில்லிமீற்றர் குருதியில் 4,000க்குக் குறையாதிருக்க வேண்டிய வெண்கலங்கள் அவனுக்கு 500ஐயும் எட்டவில்லை. எமக்கு வெறுந் தடிமன். அவனுக்கோ அதுவே யமனாகலாம்.

வெட்கித் திரும்பிய எம்மிடம் அவன் தாயார், "மாஸ்டர், மருந்து நிறுத்தி இத்தனை நாளாயிற்றே, ஏன் இன்னும் ஏறவில்லை?" என்று வினவினார்.

நாம் அறிந்ததைக் கூறினோம். இடுப்பென்பு, மார்பென்பு முதலியவற்றின் மச்சையிலே உருண்டைக் கருவுடைய இளங்கலம் தோன்றுகின்றது. அது பலமுறை பிரிந்து பெருகும். கிருமியைக் கொல்லும் பொருள்களைச் சிறுமணிகளாகத் தன்னுள் சேர்க்கும். பின்னர்ப் பிரிவதை நிறுத்தி முதிரும். அதன் கரு அவரை விதைபோல் வளைந்து, நாடாப்போல் ஒடுங்கி, ஈற்றில் மூன்று நான்கு சோணைகளாகும். அதன்பின்னரே அது குருதியில் இறங்கி, நுண்ணிய இடுக்குகளினூடே நுழைந்து, கிருமியை விழுங்கப் புறப்படும். இவ்வளவிற்கும் ஏறக்குறைய 10 முதல் 14 நாள் வேண்டும். குருதியில் அது உலாவுவதோ ஒருநாளளவே. ஆதலால் நலமுள்ள உடல் நாடோறும் பத்தாயிரங் கோடியளவிற் புதியவற்றை ஆக்குகின்றது. மருந்தோ தீய கலங்களுடன், பிரிந்து பெருகும் இவ்விளங்கலங்களையும் அழித்துவிட்டது. எஞ்சிய தாய்க்கலங்களின் புதிய வழித்தோன்றல்கள் முதிரும்வரை காத்திருக்கவே வேண்டும்.

கமக்காரக் குடும்பத்தவரான அத்தாயார் சிறிது நேரம் மௌனமாயிருந்தார். "விதைத்த அன்றே அரிவு வெட்ட முடியாதுதானே, மாஸ்டர்" என்றார். எமது விளக்கத்திலும் அது தெளிவாயிருந்தது.

பதினேழாம் நாள் எண்ணிக்கை ஏறிற்று. சில மாதங்களின் பின் அவன் வகுப்பிற்குத் திரும்பினான்.

இவ்வாண்டும் அப்படிகளைக் கரும்பலகையில் வரைந்தோம். மனனஞ் செய்யுமாறு சொல்லவில்லை. "தடிமனுடன் நோயாளரைப் பார்க்கச் செல்லாதீர்கள்" என்று சொல்லியே பாடத்தைத் தொடங்கினோம். பின்வரிசையிலிருந்த அவன் எம்மைப் பார்த்துச் சிரித்தான்.