ஒரே சைக்கிளில் அலுவலகமும் சிம்ஹகட்டும்

ஒரு காலத்தில் சைக்கிள் நகரம் என்று புகழ்பெற்ற புனேயில் வாழும் நம்மவர் பலர், அலுவலகத்திற்கு ஒன்றும் நெடும்பயணத்திற்கு மற்றொன்றுமாக இரண்டு சைக்கிள்கள் வேண்டுமெனக் கருதுகின்றனர். குடும்பச் செலவையும் வாடகை வீட்டின் இடத்தையும் எண்ணுவோர்க்கு ஒன்றே போதும். அதனைத் தேரும் வகையறிந்தால் சரி.

கடையில் நாம் முதற்கண் நோக்க வேண்டியவை மூன்று. சட்டம் நம் உயரத்திற்கு ஏற்றதா? 32 மில்லிமீட்டர் டயர் உரசாமல் சுழல இடமுண்டா? மட்கார்டும் காரியரும் பூட்டத் துளைகள் உண்டா? இவை பின்னர் எளிதில் சேர்க்க இயலாதவை. ஏனையவற்றை மாற்றிக் கொள்ளலாம்.

25 மில்லிமீட்டர் டயரில் நகரத்துக் குழிகள் ஒவ்வொன்றையும் முதுகு எண்ணிவிடும். அகன்ற டயரில் காற்றழுத்தத்தைச் சற்றே குறைத்தால் அதே வழி மென்மையாகும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். மட்கார்டு இல்லாதார் சேற்றுக் கோலத்துடனே அலுவலகம் புகுவர்.

ஞாயிறு விடியலில் சாப்பாட்டுப் பையை இறக்கிவிட்டு, அதே வண்டியில் தென்மேற்கே புறப்படுகிறோம். 1961-ஆம் ஆண்டு வெள்ளத்தில் உடைந்து மீண்டும் எழுந்த கடக்வாஸ்லா அணையின் குளிர்காற்று எதிர்கொள்கிறது. அப்பால், ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரத்துச் சிம்ஹகட் கோட்டைக்குச் செங்குத்தான ஏற்றம். பின்சக்கரத்தில் 32 அல்லது 34 பற்கள் கொண்ட பல்சக்கரம் இருப்பின் முழங்கால் பிழைக்கும். இறங்குமுன் பிரேக்கைச் சோதித்தல் கட்டாயம்.

உச்சியில் சோள பாக்ரியும் மண்சட்டித் தயிரும் காத்திருக்கின்றன. திங்களன்று அதே சைக்கிள் அலுவலக வாயிலில் நிற்கும்.