கதவைத் தட்டிய கை

அரசன் மாறுவேடம் பூண்டு நள்ளிரவில் நகர்வலம் வந்தான் என்று தொடங்கும் கதையைக் கேளாத தமிழ்ப்பள்ளி மாணவர் இலர். அக்கதைகளில் அரசனுக்குப் பெரும்பாலும் இடர் எதுவும் நேர்வதில்லை. திண்ணையோரம் ஒதுங்கி நிற்பான். குடிமக்களின் குறை அவன் செவியில் விழும். பொழுது புலர்ந்ததும் அக்குறை தீரும். பொற்கைப் பாண்டியன் கதையோ வேறு வகையானது. கீரந்தை என்பான் அரசனின் காவலை நம்பி, மனைவியைத் தனியே விட்டு வெளியூர் செல்கிறான். அதனை அறிந்த பாண்டியன் இரவுதோறும் அவ்வில்லத்தை மறைவாக நின்று காக்கிறான். ஒருநாள் உள்ளே ஆண்குரல் கேட்கிறது. ஐயுற்ற அரசன் கதவைத் தட்டிவிடுகிறான். "யார் அங்கே?" என்று உள்ளிருந்து எழுந்த குரல், ஊர் திரும்பிவிட்ட கீரந்தையின் குரலே!

நள்ளிரவில் தன் வீட்டுக் கதவைத் தட்டியவன் எவன் என்னும் ஐயம் கணவன் நெஞ்சில் முளைத்தால், குற்றமற்ற ஒரு பெண்ணின் வாழ்வு அன்றே பாழாகும். தான் இன்னான் என்று சொன்னாலும் அந்த ஐயம் தீரப்போவதில்லை. பாண்டியன் அத்தெருவிலிருந்த கதவுகளையெல்லாம் தட்டிவிட்டு விரைந்தான். மறுநாள் முறையீடு அவைக்கு வந்தபோது, தட்டிய கையைத் தானே வெட்டிக்கொண்டான். சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் கண்ணகிக்கு இந்நிகழ்ச்சியைச் சுருங்க உரைக்கிறது. தெருவெல்லாம் தட்டிய செய்தி வழிவழிக் கதையில் வருவது.

மாறுவேடம் இன்று அரசரை விட்டு அகன்று வணிகரிடம் வந்து சேர்ந்திருக்கிறது. கடையிலோ உணவகத்திலோ வங்கியிலோ பணியாளர் எவ்வாறு நடந்துகொள்கின்றனர் என்பதை அறிய, நிறுவனங்கள் கூலி கொடுத்து ஒருவரை வாடிக்கையாளர்போல் அனுப்புகின்றன. 'மிஸ்டரி ஷாப்பர்' என்பது அவருக்கு வழங்கும் ஆங்கிலப் பெயர். மறைநிலை வாடிக்கையாளர் என்று தமிழில் கூறலாம். 1940களில் அமெரிக்காவில் இம்முறை பரவியபோது, பணியாளர் கல்லாப் பணத்தில் கைவைக்கின்றனரா என்று காண்பதே முதன்மை நோக்கமாக இருந்தது. பின்னர்ப் புன்னகையும் வணக்கமும் கழிப்பறைத் தூய்மையும் கணக்கில் சேர்ந்துகொண்டன. நாசீர் குழு வரும் நாளில் வகுப்பறை எப்படி மின்னும் என்பதை ஆசிரியப் பெருமக்கள் அறிவர். முன்னறிவிப்பின்றி ஆள் அனுப்பும் வணிகரைக் குறை கூறுவதற்கில்லை.

வள்ளுவர் ஐம்பத்தொன்பதாம் அதிகாரமாகிய ஒற்றாடலில் இதற்கு இலக்கணமே வகுத்துவிட்டார். தனக்காக வினை செய்வாரையும் ஒற்றினால் ஆராயவேண்டும் என்கிறார். ஐயுறாத உருவமும், வெகுண்டு பார்ப்பவர்க்கு அஞ்சாத கண்ணும், மறையை வெளியிடாத உறுதியும் ஒற்றனுக்கு வேண்டும் என்கிறார். அதனோடு நில்லாமல், ஓர் ஒற்றன் தந்த செய்தியை மற்றோர் ஒற்றனால் சரிபார்க்கவும் சொல்கிறார். அவருடைய பேரறிவு இந்த இடத்தில்தான் விளங்குகிறது. பார்த்தவன் ஒருவன் என்றால், பார்வையில் பிழை இருத்தல் கூடும் அன்றோ?

பணியின் முறை எளியது போலத் தோன்றும். எந்த நாளில், எந்த நேரத்திற்குள், எதனை வாங்க வேண்டும் என்னும் குறிப்பு முன்னரே வந்துவிடும். எத்தனை நொடியில் வரவேற்றனர், பெயரட்டை அணிந்திருந்தனரா, உறுப்பினர் அட்டை உண்டா என்று கேட்டனரா என்பன போன்ற வினாக்களுக்கு 'ஆம்', 'இல்லை' என்று விடையளித்து, ரசீதை இணைத்து, பெரும்பாலும் ஒரு நாளுக்குள் அறிக்கையை அனுப்ப வேண்டும். ஆயின் குறிப்பு எழுதியவர் நினைத்திராதவை கடை வாசலிலேயே காத்திருக்கும். வாங்கச் சொன்ன பொருள் தீர்ந்துபோயிருக்கும். அட்டைப் பொறி பழுதாகியிருக்கும். ரசீதில் நேரம் அச்சாகியிராது. இவையெல்லாம் சிறு இடர்கள். ஒருங்கிணைப்பாளரை அழைத்து உள்ளதைச் சொன்னால் வழி பிறக்கும். சொல்லாமல் தாமே ஒரு காரணம் புனைவோரே பின்னர் அல்லற்படுவர்.

வஞ்சகர் விளைக்கும் இடர் வேறு. வேலை தருவதாகக் கூறிப் பெருந்தொகைக்குக் காசோலை அனுப்புவர். அதனை வங்கியில் செலுத்தி, தம் பங்கை எடுத்துக்கொண்டு, எஞ்சிய தொகையைப் பரிசு அட்டைகளாக வாங்கி அவற்றின் எண்களை அனுப்பச் சொல்வர். காசோலை பொய்யானது என்பது சில நாள் கழித்தே வங்கிக்குத் தெரியும். அதற்குள் அட்டைப் பணம் பறந்திருக்கும். கடன் ஏமாந்தவர் தலையில் விழும். அமெரிக்கக் கூட்டரசு வாணிக ஆணையம் இதனைப் பற்றிப் பலமுறை எச்சரித்துள்ளது. மெய்யான நிறுவனம் எதுவும் இப்பணிக்கு முன்பணமும் கேளாது, பணத்தை மாற்றி அனுப்பவும் சொல்லாது. இதற்குமேல் இதில் ஆராய ஒன்றுமில்லை.

ஆராய வேண்டியது, கிள்ளானில் வாழும் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவருக்கு நேர்ந்தது. ஓய்வூதியத்தில் கணவரின் மருத்துவச் செலவு போக மிஞ்சுவது குறைவாகையால், அவர் இப்பணியை மேற்கொண்டிருந்தார். ஒரு சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கும் ஆறு மணிக்கும் இடையே, பேரங்காடி ஒன்றிலுள்ள காலணிக் கடையில் ஓரிணை சப்பாத்து வாங்க வேண்டும். வாங்கிய விலையைத் திருப்பித் தருவர். கூலி முப்பது ரிங்கிட். வரவேற்பு, கால் அளவெடுத்தல், காலுறையும் மெருகுப் பசையும் வேண்டுமா என வினவுதல், உறுப்பினர் அட்டை கேட்டல், நன்றி கூறல் ஆகியவை கவனிக்க வேண்டியவை. கைப்பேசியில் செய்தி அனுப்புபவர்போல் நேரத்தைக் குறித்துக்கொண்டு அவர் உள்ளே நுழைந்தார்.

"டீச்சர்! நீங்களா?"

சப்பாத்துப் பெட்டிகளைச் சுமந்து வந்த பெண் அவற்றை அப்படியே கீழே வைத்துவிட்டு, அவர் கைகளைப் பற்றிக்கொண்டாள். ஆறாம் ஆண்டில் அவரிடம் படித்தவள். வாய்ப்பாட்டைத் தாளத்தோடு சொன்னால்தான் அவளுக்கு நினைவில் நிற்கும் என்பது ஆசிரியைக்கு உடனே நினைவுக்கு வந்தது. தாயின் நலத்தை விசாரித்தார். தாய் மறைந்து இரண்டாண்டு ஆயிற்று என்றாள். தம்பியைப் படிக்க வைப்பவள் இப்போது அவள்தான்.

அப்பெண் கடை விதித்த வரவேற்புரையைச் சொல்லவில்லை. காலுறையைப் பற்றிக் கேட்கவில்லை. ஆசிரியை எடுத்த சப்பாத்தைக் கண்டதும் மண்டியிட்டு அமர்ந்து, அவர் கணுக்காலைத் தொட்டுப் பார்த்தாள்.

"இது உங்கள் காலுக்கு ஆகாது, டீச்சர். கால் வீங்கியிருக்கிறது. இதைப் போடுங்கள். விலையும் குறைவு."

அறுபத்தொன்பது ரிங்கிட் தொண்ணூறு சென். முதலில் எடுத்தது அதனினும் முப்பது ரிங்கிட் கூடுதல். காசு கொடுக்கும்போது உறுப்பினர் அட்டையையும் அவள் கேட்கவில்லை. பேச்சு தம்பியின் படிப்பைப் பற்றியதாக இருந்தது. பின்னால் வேறொருவர் காத்து நின்றதை இருவருமே கவனிக்கவில்லை. மேற்பார்வையாளர் வந்து, வேலை நேரத்தில் என்ன கதை என்று மலாய்மொழியில் கடிந்தார். பெண்ணின் முகம் சுருங்கிற்று. ஆசிரியை அவரிடம் திரும்பி, பேச்சுக்கொடுத்து நிறுத்தியது தாமே என்றும், பிழை தம்முடையது என்றும் அதே மொழியில் சொன்னார். அது பொய்யன்று.

மின்படிக்கட்டின் ஓரத்தில் பையோடு நின்ற அவருக்கு வழிகள் சில இருந்தன. எல்லா வினாவிற்கும் 'ஆம்' என எழுதலாம். பெண்ணுக்கு நற்பெயர், தமக்குப் பணம். நடந்தவாறே எழுதினால் ஐந்தில் நான்கு 'இல்லை' விழும். வீங்கிய காலைக் கண்டு விலை குறைந்ததை எடுத்துக் கொடுத்ததற்கு அப்படிவத்தில் கட்டமே இல்லை. கடை பூட்டியிருந்தது என்றும் எழுதிவிடலாம். ஆனால் அந்தக் கடையின் ரசீது பைக்குள் கிடந்தது.

அவருடைய நிலையில் இருப்பவர் நல்லதையாவது விரிவாக எழுதியிருக்கலாமே என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. எனினும், தன் பிள்ளையின் விடைத்தாளைத் தானே திருத்தும் ஆசிரியர், மதிப்பெண்ணைக் கூட்டினாலும் குறைத்தாலும் அந்தத் தாள் மதிப்பிழந்துவிடுகிறது. அன்பினால் கண் மங்கியவர் சாட்சியாக நிற்பது அந்தப் பெண்ணுக்கும் நன்மையன்று.

அவர் ஒருங்கிணைப்பாளரை அழைத்தார். கடையில் தம்மை அறிந்தவர் ஒருவர் பணிபுரிகிறார் என்றும், தாம் அடையாளம் காணப்பட்டுவிட்டதால் அறிக்கை எழுதுவது முறையாகாது என்றும் தெரிவித்தார். அப்படியானால் பணி இரத்து. கூலியும் இல்லை, வாங்கிய விலையும் வாராது. வேறொருவரை அனுப்ப வேண்டியதுதான் என்று மறுமொழி வந்தது. முகங்கோணாமல்தான் சொன்னார்கள். அடுத்து ஒரு கேள்வி:

"அறிந்தவர் என்றீர்களே, அவர் பெயர் என்ன?"

"பணியே இரத்தாகிவிட்டபோது பெயர் எதற்கு ஐயா?" என்றார் ஆசிரியை.

அறுபத்தொன்பது ரிங்கிட் தொண்ணூறு சென் அம்மாதக் கணக்கில் எந்தத் தலைப்பின்கீழும் அடங்கவில்லை. கணவர் கேட்டபோது, பழைய சப்பாத்து கிழிந்துவிட்டது என்றார். அது கிழியத்தான் தொடங்கியிருந்தது.

தீபாவளிக்கு முந்திய வாரம் காலைச் சந்தையில் அந்தப் பெண் எதிர்ப்பட்டாள். அவள் பார்வை முதலில் சென்றது ஆசிரியையின் காலுக்குத்தான்.

"கடிக்கவில்லையே, டீச்சர்?"

"இல்லையம்மா. மெத்தென்று இருக்கிறது."

"எங்கள் கடைக்கு யாரோ மறைவாக வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள், டீச்சர். எனக்கு எண்பத்திரண்டு மதிப்பெண்ணாம். உறுப்பினர் அட்டையைக் கேட்க மறந்துவிட்டேனாம்." அவள் சிரித்தாள். "யார் வந்தார்கள் என்றே தெரியவில்லை. நீங்கள் வந்தீர்களே, அதற்குப் பிறகுதான் என்று நினைக்கிறேன்."

"அப்படியா?" என்று கூறிய ஆசிரியை, பக்கத்திலிருந்த வாழைப்பழச் சீப்பை எடுத்து அதன் விலையைக் கேட்டார்.