நிபுணர் சிரித்த இடம்

கல்லூரிகளில் இப்போது ஒரு வழக்கம் வந்திருக்கிறது. ஏதாவது ஒரு விஷயத்தில் ஒரு கட்சியை எடுத்துக்கொண்டு வாதாடிக் கட்டுரை எழுத வேண்டும். அதற்குத் துணையாக நிபுணர் ஒருவரை நேரில் கண்டு பேசி, பேச்சை ஒலிப்பதிவு செய்து, கட்டுரையோடு ஒப்படைக்க வேண்டும். எங்கள் காலத்தில் ‘அறிஞர் கூறுவர்’ என்று எழுதிவிட்டு மேலே போய்விடுவோம். எந்த அறிஞர் என்று ஒருவரும் கேட்டதில்லை.

என் அக்கா பேத்தி எடுத்துக்கொண்ட விஷயம் ஏரி. ஏரி குளங்களை ஊராரே சேர்ந்து சீராக்கும் குடிமராமத்து 2017-ல் மறுபடி தொடங்கியதிலிருந்து தூர்வாருவதைப் பற்றி அபிப்பிராயம் இல்லாத மனிதர் தமிழ்நாட்டில் கிடையாது. அவளுக்கும் ஒன்று இருந்தது: எல்லா ஏரிகளையும் இப்போதிருப்பதைவிட இரண்டு மடங்கு ஆழத்துக்குத் தோண்ட வேண்டும். நிபுணராக அகப்பட்டவர், செங்கல்பட்டுப் பக்கத்து ஏரிகளிலேயே உத்தியோகத்தைக் கழித்து ஓய்வுபெற்ற பொதுப்பணித் துறைப் பொறியாளர். பதிவு முக்கால் மணி நேரம். அதை எழுத்தில் இறக்கித் தரும் வேலை என்னிடம் வந்தது. எனக்கு வேறு வேலை இல்லை என்பது குடும்பத்தில் முன்பே முடிவாகிவிட்ட விஷயம்.

கட்டுரையை அவள் முதலிலேயே எழுதி முடித்திருந்தாள். நிபுணர் வந்து உட்கார இடம் மட்டும் காலியாக விட்டிருந்தது. அந்த இடத்தில் ஒரு வாக்கியத்தை எடுத்துப் பொருத்தியிருந்தாள்: “ஏரியை நல்லா ஆழப்படுத்திட்டா தண்ணிப் பஞ்சமே வராது.”

பதிவிலும் அந்த வாக்கியம் இருக்கிறது. ஓர் எழுத்து கூடக் குறையவில்லை. ஆனால் மனிதர் அதைத் தன் குரலில் சொல்லவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, மைக்கைப் பிடித்தவர் மாதிரி குரலை உயர்த்தி, ‘வராது’வை இழுத்து நிறுத்திச் சொல்கிறார். பிறகு சிரிக்கிறார். டம்ளர் வைக்கும் சத்தம். மின்விசிறி. அப்புறம்தான் சொந்தக் குரல் வருகிறது: “ஏம்மா, மதகு எந்த மட்டத்துல இருக்குன்னு பாத்தியா?”

காகிதத்தில் இறங்கியதும் அந்தக் குரல் மாறாட்டம் போய்விட்டது. கேலி செய்தவரே சாட்சியாகிவிட்டார். திரும்பத் திரும்ப ஓட்டிக் கேட்டேன். எத்தனை தரம் கேட்டாலும் சிரிப்பாணி வருகிறது.

அவர் சொல்வது எளிய விஷயம்தான். வயலுக்குத் தண்ணீர் போவது மதகு வழியாக. மதகின் அடிமட்டத்துக்குக் கீழே எவ்வளவு தோண்டினாலும், அதில் தேங்கும் தண்ணீர் தானாக வாய்க்காலில் ஏறி நடந்து போகாது. இன்ஜினியர்கள் டெட் ஸ்டோரேஜ் என்பார்கள். மாடு குடிக்கலாம், மீன் வளர்க்கலாம், சுற்றுவட்டாரக் கிணறுகளில் ஊற்று கொஞ்சம் தங்கும். பாசனத்துக்கு வேண்டுமானால் மோட்டார் வைத்து இறைக்க வேண்டும். கரையை ஒட்டித் தோண்டினால் கரையின் காலையே வாரிவிட்ட மாதிரி. வண்டல் தீர்ந்த பிறகும் ஆசை தீராமல் அள்ளினால், தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும் களிமண் போய், ஏரி சல்லடையாகிவிடும். இதையெல்லாம் சொல்லிவிட்டு, “அதுக்காகத் தூர்வாரவே வேணாம்னு சொல்லலம்மா, அதையும் எழுதிராதே” என்கிறார். ஒவ்வொரு பதிலும் “அது ஏரியைப் பொறுத்தது” என்று தொடங்குகிறது. வாதக் கட்டுரைக்கு இப்படிப்பட்ட நிபுணர் ஆகவே ஆகாது.

நடுவில் மதுராந்தகத்துக்குப் போய்விடுகிறார். 1790-களின் கடைசியில் செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், அடைமழை இரவில் அந்த ஊர் ஏரிக்கரை உடையப் போகிறது என்று பதறி ஓட, வில்லோடு இரண்டு வாலிபர்கள் கரையில் காவல் நின்றதைக் கண்டார் என்ற கதையை முழு விவரத்தோடு சொல்கிறார். அங்கே கோயிலில் இருப்பவர் அதனால்தான் ஏரி காத்த ராமர். பேத்தி இந்தப் பகுதியை ‘தேவையில்லை’ என்று குறித்திருந்தாள். கதையின் முடிவில் பொறியாளர் சொல்வதைக் கேட்காமலே குறித்திருக்க வேண்டும்: “ராமரு கரையில நின்னாருன்னுதாம்மா கதை. ஏரிக்குள்ள எறங்கி மண்ணு அள்ளுனாருன்னு இல்ல.” முதலில் கரை, கலங்கல், வரத்துக் கால்வாய், மண் அள்ளுவது அப்புறம். அவருடைய வாதம் முழுக்க அந்த ஒரு வரியில் இருக்கிறது.

நிபுணரைத் தேடிப்போய்க் கேட்பது என்றதும் எனக்கு உ.வே.சாமிநாதையர் நினைவுதான் வரும். 1880-ல் கும்பகோணம் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், முன்சீப்பாக வந்த சேலம் இராமசாமி முதலியார் என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டு, இவர் அடுக்கிய அந்தாதி, கோவை, பிள்ளைத்தமிழ்ப் பட்டியலில் துளியும் அசராமல் சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டது எல்லாருக்கும் தெரிந்த கதை. எனக்குப் பிடித்தது அதற்கு அப்புறம் நடப்பது. பிரதி கையில் இருக்கிறது, நச்சினார்க்கினியர் உரையும் இருக்கிறது, ஆனாலும் விளங்கவில்லை. சைவ மடத்தில் வளர்ந்த படிப்புக்குள் ஜைனம் எப்படி அகப்படும்? ஜைனர்கள் இருக்கிறார்களா என்று விசாரித்தால், அதே கும்பகோணத்தில் ஒரு தெருவே இருக்கிறது.

போன வீட்டில் மாவிலைத் தோரணம். என்ன விசேஷம் என்று கேட்கிறார். மாதக்கணக்காகச் சிந்தாமணி படித்துக் கேட்டு வந்தோம், இன்றைக்குப் பூர்த்தி என்கிறார்கள். ஒரு நூல் படித்து முடித்ததற்குத் தோரணம்! தமிழ்ப் புலவர்கள் வட்டாரத்தில் பேச்சே இல்லாத ஒரு காப்பியம், கூப்பிடு தூரத்தில் ஒரு வீட்டின் விசேஷமாக நடந்துகொண்டிருந்தது. அந்த வாசலில் நின்றபோது அவர் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி யோசித்துப் பார்ப்பதுண்டு. கொஞ்சம் வெட்கம், அதைவிட அதிகமாகச் சந்தோஷம்.

அதன் பிறகு சந்திரநாத செட்டியார் என்ற ஜைனரின் வீட்டுக்குப் போவது வழக்கமாகிவிட்டது. சந்தேகம் வந்தால் போவார், கேட்பார், வந்து எழுதுவார். எழுதும்போது இன்னொரு சந்தேகம் வரும், மறுபடி போவார். செட்டியாருக்குத் தெரியாதது வந்தால் தெரிந்தவர் இன்னார் என்று சொல்லி அனுப்புவார். இவர் கேட்கும் கேள்விகளின் பக்குவத்தைப் பார்த்து ஜைனப் பெண்மணி ஒருவர், இந்த ஐயர் பவ்ய ஜீவன் போலிருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். வீடுபேற்றுக்குப் பக்குவப்பட்ட உயிர் என்று பொருள். பின்னாளில் மகாமகோபாத்தியாயர் முதலாக எத்தனையோ பட்டங்கள் வந்தன. இதற்கு ஈடாக எதையும் அவர் மதித்திருக்க மாட்டார் என்பது என் கட்சி. 1887-ல் சிந்தாமணி அச்சில் வந்தது. இந்த விவரங்களையெல்லாம் அறுபது ஆண்டு கழித்து, 1940-ல் ஆனந்த விகடனில் ‘என் சரித்திரம்’ வெளிவரத் தொடங்கிய பிறகு, எழுதினார். ஒலிநாடா கிடையாது. யார் எந்தத் தொனியில் சொன்னார் என்பது உட்பட எல்லாம் ஞாபகத்திலேயே இருந்திருக்கிறது.

அவருக்கு இருந்த வசதி ஒன்றுதான்: முன்கூட்டியே எழுதி வைத்த முடிவு எதுவும் இல்லை. என்ன என்று தெரியாததால் போய்க் கேட்டார். என் பேத்தியின் கல்லூரியில் முதல் வாரமே ‘உன் நிலைப்பாடு என்ன’ என்று எழுதி வாங்கிவிடுகிறார்கள். நிபுணர் முறை ஆறாம் வாரம் வருகிறது. அதற்குள் நிலைப்பாடு சிமெண்ட் மாதிரி இறுகிவிடுகிறது.

பேத்தியிடம் பதிவைக் கொடுத்து, “பொறியாளர் கேலி பண்றார்மா” என்றேன். கேட்டாள். மறுபடி கேட்டாள். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. “அவர் சிரிச்சதை எப்படித் தாத்தா எழுதுறது?” என்றாள். பத்திரிகைப் பேட்டிகளில் அடைப்புக்குறிக்குள் ‘சிரிக்கிறார்’ என்று போடுவார்கள். அந்தச் சலுகை நடிகர்களுக்கு மட்டும்தான், பொறியாளர்கள் சிரித்து நான் அச்சில் பார்த்ததில்லை. போடு என்றேன். அவள் போடவில்லை. பதிலாக நிலைப்பாட்டையே மாற்றினாள்: வரத்துக் கால்வாயைச் சீராக்காமல் ஏரியை மட்டும் ஆழப்படுத்துவது வீண் செலவு. இதற்கு அவர் நிஜமாகவே ஒத்துப்போவார். அங்கேயும் ஒரு முட்டுக்கட்டை உண்டு. மேல் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்துதான் கீழ் ஏரிக்குத் தண்ணீர் வரும். மேல் ஏரியைத் தோண்டத் தோண்டக் கீழ் ஊர்க்காரன் காத்துக் கிடக்க வேண்டும். இதையும் அவரே சொல்லியிருக்கிறார். பேத்தி சேர்த்துக்கொண்டாள், கொஞ்சம் மனக்குறையோடு.

பதிவின் கடைசியில் ஒரு பேச்சு வருகிறது. போனை அணைக்கப் போகிறாள் என்று நினைத்து, விடைகொடுக்கும் தோரணையில் சொல்கிறார்: “என்னைவிட எங்க லஸ்கரைக் கேட்டிருக்கணும்மா நீ. மழைக்காலத்துல ராத்திரி பூரா கரையில நடந்தவர். எந்த இடத்துல கசியும்னு அவர் கால் சொல்லும். நாங்க மறுநாள் ஜீப்புல போயி கையெழுத்துப் போடுவோம்.” லஸ்கர் என்றால் ஏரிக்கரையையும் மதகையும் பார்த்துக்கொள்ளும் கடைநிலை ஊழியர். அவர் உத்திரமேரூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறாராம். கல்லூரி கொடுத்த படிவத்தில் நிபுணரின் கல்வித் தகுதி, வகித்த பதவி என்று இரண்டு கட்டங்கள். லஸ்கரைக் கண்டு வந்தால் முதல் கட்டத்தில் என்ன எழுதுவது என்று பேத்தி கவலைப்படுகிறாள். எட்டாம் வகுப்போ, அதற்குக் கீழோ, அவர் என்ன சொல்கிறாரோ அதை எழுது என்றிருக்கிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை போகிறோம். போனில் சார்ஜ் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவளுடையது. வெற்றிலை பாக்கு வாங்குவது என்னுடையது.