64 வயதில் அலைமேல் நின்றேன்

2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் ஆசிய சர்ஃபிங் போட்டி நடந்தது. நம் நாட்டு ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினார். டிவியில் பார்த்ததிலிருந்து எனக்கு ஓர் அரிப்பு. அமெரிக்காவில் பேரன் பனியில் சறுக்குகிறான். செங்கல்பட்டுக்காரனுக்குப் பனி ஏது? கோவளத்தில் அலை இருக்கிறதே!

"கை கால் ஒடிஞ்சா யாருங்க பாக்கிறது?" என்றாள் மனைவி. என் தயக்கம் வேறு. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு முழங்காலுக்கு மேல் நான் கடலில் இறங்கியதே இல்லை.

கோவளத்து மீனவர் மூர்த்தி மேகவன் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பழக்கிவிட்ட கலை இது. எனக்குச் சொல்லிக்கொடுத்தவனும் மீனவர் வீட்டுப் பையன்தான். முதலில் மணலிலேயே பாடம். பலகையில் குப்புறப் படுத்து, கையால் துழாவி, நெஞ்சருகே கையூன்றி, ஒரே மூச்சில் எழ வேண்டும். முழங்கால் மடங்கியே இருக்க வேண்டும். பலகையைக் கணுக்காலோடு ஒரு கயிறு பிணைக்கிறது, கவிழ்ந்தாலும் ஓடிவிடாது.

"காலைப் பாக்காதீங்க சார், கரையைப் பாருங்க."

ஏழு தடவை கவிழ்ந்தேன். மூக்கெல்லாம் உப்பு. எட்டாவது தடவை மூன்று விநாடி நின்றேன், சத்தியமாக!

மூச்சு வாங்கும்போது கேட்டேன், "சுனாமி நினைப்பு வராதா தம்பி?"

"அப்ப எனக்கு நாலு வயசு சார். அப்பா மறுபடி கடலுக்குப் போக மாசக்கணக்காச்சு. முதல் நாள் அம்மா கரையிலயே நின்னுச்சு, அவர் திரும்புறவரைக்கும்."

சொல்லிவிட்டுப் பலகையைத் திருப்பிப் பிடித்தான். "வாங்க சார், நல்ல அலை வருது."