தயக்கக் கண்ணி

நம் பள்ளி இயற்பியல் நூல்களில் யாரோ ஒரு நல்லவர் ஆக்கித் தந்துவிட்டுப் போன சொல் ஒன்று உண்டு: காந்தத் தயக்கம். காந்தப்புலத்தில் வைத்த எஃகு, புலத்தை விலக்கிய பிறகும் தான் ஏற்ற காந்தத்தை உடனே விட்டுவிடுவதில்லை. எதிர்ப்புறமாகப் புலத்தைச் செலுத்திக் கட்டாயப்படுத்தினால்தான் விடுகிறது. இந்தப் போக்கையும் வரவையும் வரைந்து பார்த்தால் மூடிய வளைவொன்று கிடைக்கும். அதற்குத் தயக்கக் கண்ணி என்று பெயர். பாட்டில் வரும் கண்ணியும் வேடன் வைக்கும் கண்ணியும் தலையில் சூடும் கண்ணியும் மட்டுமே அறிந்திருந்த நமக்கு, இயற்பியலின் பக்கம் எட்டிப் பார்க்க இந்த ஒரு சொல்லே போதுமாயிருந்தது.

இக்கண்ணி இயல்பாக நடுக்கோட்டின் இருபுறமும் ஒத்திருக்கும். காந்தத்தை வலமாகப் புரட்ட எவ்வளவு புலம் வேண்டுமோ, இடமாகப் புரட்டவும் அவ்வளவே வேண்டும். 1956இல் அமெரிக்காவின் ஸ்கெனெக்டடி நகரில், ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் பணிபுரிந்த மைக்கிள்ஜான், பீன் என்னும் இருவர், ஒருபுறமாக நகர்ந்துவிட்ட கண்ணியொன்றைப் பற்றி எழுதினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது மிக நுண்ணிய கோபால்ட் துகள்கள். துகளின் மேற்பரப்பு ஆக்சிஜனேற்றம் பெற்று, கோபால்ட் ஆக்சைடு தோலாகப் படிந்திருந்தது. காந்தப்புலத்தில் வைத்தபடியே அத்துகள்களை 77 கெல்வின் வரை, அதாவது சுழிக்குக் கீழ் 196 பாகை செல்சியஸ் வரை குளிர்வித்தபோது கண்ணி நகர்ந்தது. புலமின்றிக் குளிர்வித்தால் நகரவில்லை. எந்தத் திசையில் தன்னைக் குளிர்வித்தார்கள் என்பதைத் துகள் நினைவில் வைத்திருந்தது.

நினைவு இருந்த இடம் அந்தத் தோல்தான். கோபால்ட் ஃபெர்ரோ காந்தப்பொருள். அதன் அணுக்காந்தங்கள் யாவும் ஒரே முகமாக நிற்பவை. கோபால்ட் ஆக்சைடோ எதிர்ஃபெர்ரோ காந்தப்பொருள். அங்கே ஒன்று மேல்நோக்கி நின்றால் அடுத்தது கீழ்நோக்கி நிற்கும். கூட்டிப் பார்த்தால் சுழி. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அங்கே காந்தம் இருப்பதாகவே தெரியாது. இப்படியொரு ஒழுங்கு இருக்கக்கூடும் என்று பிரெஞ்சு அறிஞர் லூயி நீல் 1930களில் கணித்தார். 1949இல் ஷல், ஸ்மார்ட் இருவரும் மாங்கனீசு ஆக்சைடின்மீது நியூட்ரான்களைச் செலுத்தி, அந்த ஒழுங்கை நேரில் கண்டார்கள். ஒன்றும் இல்லாததால் வரும் சுழி அன்று அது; வரிசை பிசகாமல் நிற்பதால் வரும் சுழி.

இந்தச் சுழியே அதன் வலிமையாகவும் ஆகிறது. கோபால்ட் ஆக்சைடு ஏறத்தாழ 20 பாகை செல்சியசுக்குக் கீழேதான் இவ்வொழுங்கிற்கு வரும். குளிர்ந்து அமையும்போது எல்லையிலுள்ள அணுக்கள், ஒட்டி நிற்கும் கோபால்ட்டின் முகத்தைப் பார்த்து அதற்கேற்ப அமைகின்றன. அமைந்த பின் வெளிப்புலம் அதைத் திருப்ப முயன்றால், பற்றி இழுக்க அங்கே பிடி ஏதும் இல்லை. தான் திரும்பாமல், அடுத்த அடுக்கையும் திரும்பவிடாமல் பிடித்துக்கொள்கிறது.

1970இல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையில், எதிர்ஃபெர்ரோ காந்தப்பொருள்கள் கோட்பாட்டளவில் மிகச் சுவையானவை, ஆனால் அவற்றால் பயன் ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை என்ற கருத்தை நீல் கூறினார். மெல்லிய படலங்களில் இவ்விரு காந்த வகைகளும் பிணைவதைப் பற்றி 1967இல் விரிவான கோட்பாட்டுக் கட்டுரை எழுதியவரும் அவரே. இதைப் படித்தபோது நமக்கு நகைக்கத் தோன்றவில்லை. தமிழ் எம்.ஏ. படித்து என்ன செய்யப்போகிறாய் என்று உறவினர் கேட்க வளர்ந்தவர்கள் நாம். ஆண்டுதோறும் சேர்க்கை நாள்களில் நம் மாணவர்களிடம் அதே கேள்வி கேட்கப்படுவதையும் பார்க்கிறோம். பயனில்லை என்று தாமே கருதிய ஒன்றில் ஒருவர் இத்தனை ஆண்டுகள் தோய்ந்து கிடந்தார் என்பதே நமக்குப் பெரிதாகப்பட்டது.

பயன் பிறகு வந்தது. 1988இல் ஃபெர்ட்டும் குருன்பெர்க்கும் தனித்தனியே ஓர் உண்மையைக் கண்டார்கள் (இதற்காக 2007இல் நோபல் பெற்றார்கள்): இடையே காந்தமில்லாத உலோகப் படலம் ஒன்றை வைத்து அடுக்கிய காந்தப் படலங்கள் ஒரே முகமாக நின்றால் மின்தடை குறையும், எதிரெதிராக நின்றால் கூடும். இதைக் கொண்டு வன்தட்டில் எழுதியதைப் படிக்க வேண்டுமானால் ஒரு படலம் திரும்ப வேண்டும், மற்றது திரும்பக் கூடாது. இரண்டும் திரும்பினால் ஒப்பிட என்ன இருக்கிறது? 1991இல் ஐபிஎம் ஆய்வாளர்கள் ஒரு படலத்தை எதிர்ஃபெர்ரோ காந்த அடுக்கு ஒன்றால் ஊன்றி நிறுத்திக் காட்டினார்கள். 1997இல் அது வன்தட்டாக விற்பனைக்கு வந்தது. படிக்கும் முறை பின்னர் மாறியது. ஆயினும், தரவு மையங்களில் சுழலும் இன்றைய வன்தட்டுகளிலும் சில நானோமீட்டர் தடிமனில் அந்த ஊன்றும் அடுக்கு இருக்கிறது.

பயன்பட்ட அளவுக்கு அது புரிந்துவிடவில்லை என்பதுதான் வியப்பு. எல்லையிலுள்ள அணுக்கள் அனைத்தும் பிடித்துக்கொள்வதாக எளிமையாகக் கணக்கிட்டால், அளந்ததைப்போல் ஏறத்தாழ நூறு மடங்கு நகர்வு வரவேண்டும். எக்ஸ் கதிர் ஆய்வுகள், எல்லை அணுக்களில் நூற்றுக்குச் சிலவே உண்மையில் ஊன்றி நிற்கின்றன என்று காட்டின. மற்றவை வெளிப்புலத்தோடு சேர்ந்து திரும்பிவிடுகின்றன. மேலும், கண்ணியைத் திரும்பத் திரும்பச் சுற்றிவரச் செய்தால் நகர்வு சிறுகச் சிறுகக் குறைகிறது. முதல் சுற்றில்தான் இழப்பு மிகுதி.

இந்த நகர்வுக்குத் தமிழில் என்ன பெயரிடுவது என்று இயற்பியல் நடத்தும் நண்பரோடு சில மாதங்களாக வழக்காடி வருகிறோம். பரிமாற்றச் சாய்வு என்றால் கண்ணி சரிந்துவிட்டதாகப் பொருள்படும். அது சரியவில்லை, வடிவத்தோடு அப்படியே இடம் பெயர்கிறது. பரிமாற்றச் சார்பு என்பது நம் விருப்பம். ஒருபக்கம் சேர்தல், ஒன்றைப் பற்றி நிற்றல் ஆகிய இரண்டும் அச்சொல்லில் உண்டு. கணக்குப் புத்தகத்தில் சார்பு என்பது வேறு பொருளில் ஏற்கெனவே குடியேறிவிட்டது, மாணவர் குழம்புவர் என்கிறார் நண்பர். இப்போதைக்குக் குறிப்பேட்டில் பென்சிலால் சார்பு என்றே எழுதி வைத்திருக்கிறோம்.