சிடாம் கிரியில் ஒரு பழைய சாகா

சுங்கைப்பட்டாணியிலிருந்து சிடாம் கிரிக்குப் போகும் வழியில் ஊர் இரைச்சல் மெல்ல அடங்கும். ஒரு காலத்தில் ரப்பர் நின்ற கெடா தோட்டங்கள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது. தோட்டத்து லயங்களை விட்டு வெளியேறிய நம் குடும்பங்கள் பலவும் இந்தச் சிறு பட்டணங்களில்தான் வீடு கட்டிக் குடியேறின. அவர்களில் பலருக்கு முதல் கார், 1985 ஜூலையில் வெளிவந்த புரோட்டோன் சாகா. அடிப்படை மிட்சுபிஷி லான்சர்தான் என்றாலும் அது 'நம்ம நாட்டுக் கார்'.

இன்று அந்தப் பழைய சாகாவை இளைஞர்கள் தேடி வாங்குகிறார்கள். கூலிமில் வேலை செய்யும் என் அக்காள் மகனும் அப்படித்தான். சிடாம் கிரியில் ஒரு பெரியவர் 7,000 வெள்ளிக்கு விற்கிறார் என்று கேள்விப்பட்டு என்னையும் அழைத்துப் போனான். ஏறக்குறைய அவனது மொத்தச் சேமிப்பும் அதுதான்.

கார் பளபளவென்று நின்றது. "போன வருஷம்தான் சாயம் அடிச்சேன் தம்பி" என்றார் பெரியவர். புதுச் சாயம் என்றாலே கொஞ்சம் கவனம் தேவை. இஞ்சின் கெட்டால் மாற்றிக்கொள்ளலாம். சாகாவுக்கோ தனிச் சட்டம் கிடையாது. உடல் தகடுதான் எலும்புக்கூடு. அது துருப்பிடித்தால் காரே போனதாக அர்த்தம்.

கெடாவின் மழையும் ஈரக் காற்றும் போதாதென்று, தோட்டத்துச் செம்மண் சக்கர வளைவுகளுக்குள் அப்பிக்கொண்டு ஈரத்தைப் பிடித்து வைக்கும். கதவின் அடியில் தண்ணீர் வடியும் துளைகளை இலைச்சருகு அடைத்துவிடும். அதனால் பார்வை கீழிருந்து தொடங்க வேண்டும். கால்மிதி விரிப்பைத் தூக்கி முகர்ந்து பாருங்கள்; புழுங்கிய வாடை வந்தால் தரை நனைந்திருக்கிறது. பின்பக்கம் ஸ்பேர் டயரை எடுத்துவிட்டு அதன் குழியைப் பாருங்கள். முன்கண்ணாடி ஓரம், பேட்டரித் தட்டு, ஜாக்கி வைக்கும் இடம் எதையும் விடக்கூடாது. சாயம் சிறு கொப்புளமாக எழும்பியிருந்தால் துரு உள்ளிருந்து வருகிறது.

துணியில் சுற்றிய ஒரு சிறு காந்தம் கொண்டுபோயிருந்தேன். கதவுகளில் நன்றாக ஒட்டியது. இடப்பக்கக் கதவுகளுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகட்டில் மட்டும் வழுக்கி விழுந்தது. விரலால் தட்டினால் மந்தமான ஓசை. தகடு இருக்க வேண்டிய இடத்தில் பட்டி பூசிச் சாயம் அடித்திருந்தார்கள். பெரியவரிடம் கேட்டுக்கொண்டு, ஜாக்கி வைக்கும் இடத்தை ஸ்குரூ டிரைவரால் மெல்ல அழுத்தினேன். முனை உள்ளே போய்விட்டது.

பெரியவர் குனிந்து பார்த்தார். அவர் மறைக்கவில்லை, பட்டறையில் மறைத்ததை அவரும் அப்போதுதான் கண்டார். "பேரப்பிள்ளைங்கள தினமும் இதிலதான் பள்ளிக்கூடத்துக்கு ஏத்திட்டுப் போறேன்" என்றார். பக்கவாட்டில் ஒரு மோதல் வந்தால் பிள்ளைகளைக் காக்க வேண்டிய தகடு அது.

அன்று விலை பேசவில்லை. துருவை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வெல்டிங் செய்ய என்ன செலவாகும் என்று கேட்டுவிட்டு, பிறகு பேசலாம் என்று முடிவானது. அப்படி வாங்கினாலும் கெரானில் உள்ள சேசிஸ், இஞ்சின் எண்களைக் காரோடு ஒப்பிட்டு, பெயர் மாற்றத்துக்கான பரிசோதனையும் முடிந்த பிறகே பணம் கொடுக்க வேண்டும் என்று மருமகனிடம் சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் முதல் பிள்ளைகள் பள்ளி வேனில் போகிறார்களாம்.