வேர் ஊக்கியும் பீங்கான் கிண்ணமும்



மறைந்த என் மனைவி நட்ட அடுக்குமல்லி காய்ந்துகொண்டே வருகிறது. ஆடியில் பத்துப் போத்து வெட்டி, வேர் ஊக்கியில் நனைத்து நட்டேன். ஒன்றுகூடப் பிடிக்கவில்லை.

தப்பு என்னுடையது. திரவ மருந்து ஓராண்டாக ஜன்னலோரம் இருந்தது. அதிலுள்ள இண்டோல் பியூட்டிரிக் அமிலம் வெளிச்சத்திலும் சூட்டிலும் வீரியம் இழக்கும். போத்தைப் பாட்டிலுக்குள்ளேயே முக்கினால் அழுக்கும் கிருமியும் சேரும்.

இப்போது புது மருந்து, பழுப்பு நிறப் பாட்டில். இறுக மூடி, வாங்கிய தேதியும் ‘விஷம்’ என்றும் எழுதி, பேரப்பிள்ளைகளுக்கு எட்டாத, வெயில் படாத அலமாரியில் வைத்திருக்கிறேன். தேவையானதை மட்டும் விருத்தாசலம் பீங்கான் கிண்ணத்தில் ஊற்றுகிறேன்; மீந்ததைத் திரும்பப் பாட்டிலில் ஊற்றுவதில்லை.

ஆய்வகப் பாட்டிலுக்கெல்லாம் லேபிள் ஒட்டச் சொல்லி உங்களை விரட்டிய வாத்தியார்தான் மறந்தேன்!

செடியில் மூன்று கிளைதான் இன்னும் பச்சை. நேற்று அவற்றிலிருந்து வெட்டி நட்டேன். பிடித்தால் சொல்கிறேன்.